கராத்தேயில் காலூன்றக் கற்றல்

ஷோட்டோகான் கராத்தே வகுப்பில் சேரும் மாணவர்கள் முதல் நாளிலேயே குத்தவும் உதைக்கவும் ஆசைப்படுவார்கள். ஆனால் டோஜோ எனப்படும் பயிற்சிக்கூடத்தின் வாசலில் அவர்கள் முதலில் செய்ய வேண்டியது ‘ரெய்’ என்னும் வணக்கம். குதிகால்களைச் சேர்த்து, முன்பாதங்களைச் சற்று விரித்து நின்று, முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து குனிந்து நிமிர வேண்டும்.

அடுத்து, கட்டளைகளுக்குக் காது பழக வேண்டும். ‘யோய்’ என்றால் ஆயத்தமாக நிற்க வேண்டும். ‘ஹஜிமே’ என்றால் தொடங்க வேண்டும். ‘யமே’ என்றால் நிறுத்த வேண்டும். இருவர் எதிரெதிரே நின்று பயிலும்போது, யமே என்ற சொல் காதில் விழுந்த கணமே கை நின்றுவிட வேண்டும் என்பதை நான் மிகக் கண்டிப்பாகச் சொல்வேன், ஏனெனில் எதிரே நிற்பவர் நம்மை நம்பியே தம் உடலை முன்நிறுத்துகிறார்.

நிலைகளின் பெயர்களைப் பொருளறிந்து கற்றால் பாதி வேலை முடிந்துவிடும். ‘டாச்சி’ என்பது நிற்றலையும் ‘ஸென்குட்சு’ என்பது முன்புற மடக்கத்தையும் குறிக்கும். ஆகவே ஸென்குட்சு டாச்சியில் முன்கால் முழங்காலை, அது கால்விரல்களுக்கு நேர்மேலே வரும்வரை மடக்கி, பின்காலை நீட்டி, அதன் குதிகாலைத் தரையில் அழுத்த வேண்டும். எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்காலில் இருக்கும். இரு பாதங்களும் ஒரே கோட்டில் அமைவதே புதியவர்களிடம் நான் அதிகம் காணும் பிழை. பாதங்களுக்கிடையே பக்கவாட்டில் தோளகல இடைவெளி இருக்கிறதா என்பதை, தோழர் ஒருவரைப் பக்கத்திலிருந்து மெல்லத் தள்ளச் சொல்லிச் சோதிக்கலாம். முன் முழங்கால் உட்புறம் சரியவும் விடக்கூடாது. சரிந்தால் மூட்டு வலிக்கும். கோகுட்சு டாச்சியில் எடையின் பெரும்பகுதி பின்காலுக்குச் செல்லும். கிபா டாச்சி குதிரைமேல் அமர்ந்தாற்போல இரு கால்களும் எடையைச் சமமாகத் தாங்கும் நிலை.

ஒகினாவாவிலிருந்து 1922-ல் டோக்கியோ சென்று இக்கலையைப் பரப்பிய கிச்சின் ஃபுனாகோஷி, கராத்தேயில் முதல் தாக்குதல் இல்லை என்று கற்பித்தார். ‘கட்டா’ எனப்படும் வரிசைமுறை அசைவுப் பயிற்சிகளில் தொடக்கநிலையான ஹேயான் ஷோடானைச் செய்து பார்த்தால் இது உடலுக்கே விளங்கும்: இடப்பக்கம் திரும்பி ஸென்குட்சு டாச்சியில் கால் பதித்து, கீழே வரும் தாக்குதலைத் தடுக்கும் ‘கெடான் பராய்’தான் அதன் முதல் அசைவு. அதன் 21 அசைவுகளும் முடியும்போது மாணவர் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்க வேண்டும். தள்ளி நின்றால், எந்தத் திருப்பத்தில் அடி குறுகியது என்று தேடிக் கண்டுபிடித்து, அந்த ஒரு நிலையை மட்டும் தனியே பயில வேண்டும்.