"மண்டையில ஏறாது சார்"

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டிப்ளோமா மாணவர்களுக்குக் கணக்கியல் நடத்துகிறேன். பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். திருத்திய தாளைக் கொடுத்தால் புள்ளியைப் பார்த்துவிட்டுப் பையில் திணிப்பார்கள். கேட்டால், "நமக்கெல்லாம் மண்டையில ஏறாது சார்."

தன்முனைப்புப் பேச்சாளர் வந்தார்; கைதட்டினார்கள், அவ்வளவுதான். ஒரு பெண்ணைக் "கெட்டிக்காரி" என்று பாராட்டினேன். அதன்பிறகு அவள் கடினமான கணக்கைத் தொடவே இல்லை. அந்தப் பெயர் போய்விடுமாம்!

பலன் தந்தது கடிதம். அமெரிக்காவில் அரோன்சன் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அறிவு வளரக்கூடியது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்லூரி மாணவர்கள் எழுதினார்கள். எழுதியவர்களின் புள்ளி, குறிப்பாகக் கறுப்பின மாணவர்களுடையது, உயர்ந்தது. நானும் என் மாணவர்களை, பள்ளியில் நான்காம் படிவத்தில் கணக்கியல் எடுத்த பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். முதலில் வந்ததெல்லாம் "முயன்றால் முடியும்" ரகம். வாழ்த்து அட்டை தோற்றது.

பிறகு ஒரு நிபந்தனை வைத்தேன்: தான் தவறிய ஒரே ஒரு வரியையும் அதைத் திருத்திய விதத்தையும் எழுத வேண்டும். அதற்குப் பழைய தாளை எடுத்தே ஆகவேண்டும். கசங்கிய தாள்கள் வெளியே வந்தன. "கடனுக்கு வாங்குன சரக்க ஏன் சார் ரொக்கத்துல கழிச்சேன்?" என்று ஒருவன் கேட்டபோதுதான் எனக்கு நிம்மதி.

கடிதங்களைப் பள்ளிக்குக் கொடுத்துவிடுங்கள். போய்ச் சேராது என்று தெரிந்தால் வீட்டுப்பாடம் மாதிரி எழுதிவிடுவார்கள்.