செல்போன் படத்தைப் பிரிண்ட் போடும்முன்: வெட்டு, வெளிச்சம், நிறம்

திரையில் பளிச்சென்று இருக்கும் படம் பிரிண்ட் போட்டு வாங்கினால் இருண்டு வருகிறது. குரூப் போட்டோவில் பின்வரிசையில் நின்றவரின் தலை பாதியாக வெட்டுப்படுகிறது. இரண்டையும் ஸ்டூடியோவுக்குக் கொடுக்கும்முன் நாமே சரிசெய்துவிடலாம். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்களை 8×12 அங்குல அளவில் சட்டம் போட்டு மாட்டுவதற்காக நான் பின்பற்றிய முறை இது. கணினியில் கிம்ப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். ஒன்றிரண்டு படங்கள்தான் என்றால் செல்போனில் ஸ்னாப்சீட் என்ற செயலியே போதும். இதற்காக மாதச் சந்தா கட்டும் மென்பொருள் எதுவும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

1. மூலப் படத்தை வாங்குங்கள்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். நல்ல பிரிண்ட்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் அந்தப் படம் ஐந்து அங்குலத்துக்குத்தான் தாங்கும். எச்டி என்று தேர்ந்தெடுத்து அனுப்பினாலும் அது சுருக்கிய படமே. எடுத்தவரிடம் சொல்லி 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

4×6க்கு 1200×1800 பிக்சல், 8×12க்கு 2400×3600. 12 மெகாபிக்சல் செல்போன் படம் 4000×3000 இருக்கும் என்பதால் 8×12க்குத் தாராளம். 12×18 போட்டால் அங்குலத்துக்கு 222 பிக்சல்தான் கிடைக்கும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அது போதும், தயங்காமல் போடலாம்.

2. வெட்டுவது உங்கள் கையில் இருக்கட்டும்

செல்போன் படத்தின் விகிதம் 4:3. 4×6, 8×12, 12×18 எல்லாம் 3:2. அதனால் படத்தின் குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு எப்படியும் போயாக வேண்டும். நீங்கள் வெட்டாவிட்டால் கடையில் இருக்கும் இயந்திரம் நடுவை வைத்துக்கொண்டு மேலும் கீழும் சமமாக வெட்டிவிடும். தலை போவது இப்படித்தான்.

கிம்ப்பின் கிராப் கருவியில் 'ஃபிக்ஸ்டு' என்பதைக் குறியிட்டு, விகிதம் 3:2 என்று கொடுத்து, கட்டத்தை நீங்களே நகர்த்தி வையுங்கள். ஓரம் விடாமல் போடும் பிரிண்ட்டில் இயந்திரம் சில மில்லிமீட்டர் கூடுதலாகத் தின்னும். தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். எதையும் இழக்கவே மனமில்லை என்றால் 6×8 அல்லது 9×12 கேட்டுப் பாருங்கள், அவை 4:3க்கு அப்படியே பொருந்தும்.

3. வெளிச்சம்

என்னை அதிகம் அலைக்கழித்த படி இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். திரை தானே ஒளி விடுகிறது. தாளோ தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, முழு வெளிச்சத் திரையில் திருத்தினால் படம் நன்றாக இருப்பதாகத்தான் கண் சொல்லும். அதே கோப்பு தாளில் இருட்டாக வரும்.

பகலில், ஜன்னல் வெளிச்சம் வரும் அறையில் உட்காருங்கள். தானாக வெளிச்சம் கூடிக் குறைவதையும் திரையை மஞ்சளாக்கும் இரவு அமைப்பையும் நிறுத்துங்கள். திரையில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே வெண்மையாகத் தெரியும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். பெரும்பாலும் பாதிக்கும் கீழே போகும். மென்பொருளின் கறுப்புப் பின்னணியையும் சாம்பலுக்கு மாற்றுங்கள், கறுப்பின் நடுவே எந்தப் படமும் உள்ளதைவிட வெளிச்சமாகத் தோன்றும்.

இனித் திருத்தலாம். 'பிரைட்னஸ்' பக்கம் போகாதீர்கள். அதைக் கூட்டினால் அப்பாவின் வெள்ளை வேட்டி மடிப்பே தெரியாமல் வெளிறிவிடும். கிம்ப்பில் 'கர்வ்ஸ்' (வெளிச்சத்தை ஒரு கோட்டை இழுத்துக் கூட்டிக் குறைக்கும் கருவி) திறந்து, கோட்டின் நடுப்பகுதியை மட்டும் சற்றே மேலே இழுங்கள். மேல் முனையைத் தொட வேண்டாம். ஸ்னாப்சீடில் இதற்கு 'ஷேடோஸ்' இருக்கிறது.

முகம் தெரிய வேண்டும் என்பதற்காக முகத்தை வெளுக்கவும் வேண்டாம். மாநிறமோ கறுப்போ, அந்த நிறம் அவர்களுடையது. நிழலில் மறைந்திருக்கும் கண்ணும் சிரிப்பும் தெரிந்தால் போதும்.

பெரிய பிரிண்ட்டுக்கு முன்னால் ஒரு சோதனை போடுங்கள். ஒரே முகத்தை மூன்று துண்டாக, மூன்று அளவு வெளிச்சத்தில் வைத்து ஒரே 4×6 பிரிண்ட் எடுங்கள். படம் மாட்டப்போகும் சுவரில் வைத்துப் பார்த்தால் எது சரி என்று உடனே தெரிந்துவிடும்.

4. நிறம், கூர்மை, சேமிப்பு

படத்தின் நிற எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்று சொல்லும் நிற அமைப்பு (கலர் புரொஃபைல்), பரவலாகப் பயன்படும் எஸ்ஆர்ஜிபி (sRGB) ஆக இருக்கட்டும். வேறாக இருந்தால் 'கன்வர்ட்' செய்ய வேண்டும். 'அசைன்' கொடுத்தால் எண்கள் அப்படியே இருக்க, நிறம் மட்டும் மாறிப்போகும். அளவை மாற்றி முடித்த பிறகு, கடைசியாகக் கூர்மையைக் கூட்டுங்கள். கிம்ப்பில் 'சேவ்' கொடுத்தால் அதன் சொந்தக் கோப்புதான் வரும், கடைக்கு 'எக்ஸ்போர்ட்' செய்த ஜேபெக் வேண்டும். தரம் 95 வையுங்கள். ஜேபெக்கைத் திரும்பத் திரும்பத் திறந்து சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும்.

5. ஸ்டூடியோவில்

"கரெக்‌ஷன் எதுவும் செய்யாமல் அப்படியே போடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் பழக்கத்தில் வெளிச்சமும் நிறமும் மாற்றிவிடக்கூடும், நீங்கள் செய்த வேலை வீணாகும். கண்ணாடிச் சட்டத்துக்குப் பளபளப்பில்லாத மேட் தாள்தான் என் தேர்வு. கிளாஸி தாளில் ட்யூப்லைட் பளபளத்துக் கண்ணை உறுத்தும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்து ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுப்பது கடினம்.

பின்னர் சேர்த்தது: ஐபோன் படத்தைக் கடைக் கணினி திறக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஐபோன் படங்களைச் சேமிக்கும் ஹெய்க் (HEIC) வகைக் கோப்பு, ஜேபெக்காக மாற்றிக் கொடுங்கள். அந்தப் படங்களின் நிற அமைப்பும் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி அல்லாமல் டிஸ்ப்ளே பி3 ஆக இருக்கும், எனவே நான்காம் படியை விட்டுவிட வேண்டாம்.

இன்னொன்று: வீட்டு இங்க்ஜெட்டில் போட்டவருக்கு மை பரவி நிறம் மங்கியது. போட்டோ தாள் வைத்திருந்தும் பிரிண்டர் அமைப்பில் 'பிளைன் பேப்பர்' என்றே விட்டிருந்தார். வைத்திருக்கும் தாளின் வகையை அங்கே தேர்ந்தெடுத்தால்தான் பிரிண்டர் மையைச் சரியான அளவில் விடும்.