சின்சில்லா முக்குகிறதா? சிறுநீர்க் கோளாறை வீட்டிலேயே கண்டுகொள்வது எப்படி

எங்கள் சின்சில்லா (அடர்ந்த மெத்தென்ற முடியுள்ள, கொறிக்கும் செல்லப் பிராணி) பெயர் மிளகு. ஆண். வந்த புதிதில் கூண்டுத் தட்டில் செம்பழுப்பாக ஒரு கறையைப் பார்த்து, ரத்தம் என்று பதறியடித்து டாக்டரிடம் ஓடினேன். சோதித்தால் ரத்தமே இல்லை. மூன்று வருடம் கழித்து நிஜமாகவே கோளாறு வந்தபோது, "அதே பழைய கறைதானே" என்று இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டேன். இரண்டுமே தப்பு.

படி 1: வெள்ளைத் தரை

மரத்தூள் எல்லாவற்றையும் உறிஞ்சி மறைத்துவிடும். சிலர் வெள்ளைத் துணி விரிக்கச் சொல்வார்கள். மிளகு அதை ஒரே ராத்திரியில் கடித்து நாராக்கிவிட்டான். என் ஓட்டு வெள்ளை டைலுக்குத்தான். அவன் வழக்கமாக ஒன்றுக்குப் போகும் மூலையில் ஒன்றைப் போட்டு வையுங்கள். இரவு முழுக்க நடமாடும் பிராணி என்பதால் விடிந்ததும் பாருங்கள்.

படி 2: நிறம்

புதிதாக விழுந்த சிறுநீர் மஞ்சளாக இருக்கும். நேரம் ஆக ஆக ஆரஞ்சு, செம்பழுப்பு என்று கறுக்கலாம். அது நிறமி. மஞ்சளுக்கு நடுவே சிவப்புக் கோடோ கட்டியோ தெரிந்தால்தான் ரத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகம் தீர, மனிதர்களுக்கு விற்கும் சிறுநீர்ச் சோதனைப் பட்டையே போதும். ஊசியில்லாத சிரிஞ்சில் டைலிலிருந்து இரண்டு சொட்டு உறிஞ்சி, பட்டையில் விடுங்கள். ரத்தத்துக்கான கட்டம் மட்டும் பாருங்கள். பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) கட்டம் 8, 9 என்று காட்டும். புல் தின்னும் பிராணிக்கு அது இயல்பு. அந்தக் காரத்தன்மையாலேயே புரதக் கட்டமும் பொய்யாக நிறம் மாறும். டப்பாவில் உள்ள, மனிதர்களுக்கான அட்டவணையை வைத்துக்கொண்டு நான் ஒரு ராத்திரி தூங்கவில்லை.

படி 3: உட்காரும் விதம்

நிறத்தைவிட இதைத்தான் நான் நம்புவேன். மிளகு வாலைத் தூக்கி, முதுகை வளைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு முக்கினான். எழுந்த இடத்தில் கடுகளவு ஈரம். இரண்டு நிமிடத்தில் மறுபடி அதே மூலை. நடுநடுவே அடிவயிற்றை விடாமல் நக்கினான். மலச்சிக்கலாக இருக்குமோ என்று நினைத்தேன், ஆனால் புழுக்கை வழக்கம்போல விழுந்துகொண்டிருந்தது.

அடிவயிற்று முடி நனைந்து நாறுவது, பல்லை நறநறவென்று கடிப்பது, புல்லைத் தொடாமல் கூனி உட்கார்ந்திருப்பது எல்லாம் இதே கணக்குதான். நனைந்த முடியைக் குளிப்பாட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அவ்வளவு அடர்த்தியான முடி லேசில் காயாது.

படி 4: முடி வளையம் (ஆணுக்கு மட்டும்)

நான் கோட்டை விட்டது இங்கேதான். உதிர்ந்த முடி ஆண்குறியைச் சுற்றி வளையமாக இறுகி, சிறுநீரை அடைத்துவிடும். நானும் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன். வளையம் தோலுக்கு உள்ளே இருந்தது!

மடியில் துண்டை விரித்து, பின்னங்கால்களும் முதுகும் தாங்கலாக இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு விரலால் குறியை மூடியிருக்கும் தோல் உறையை மெல்லப் பின்னால் தள்ளினால் உள்ளே இருப்பது வெளியே வரும். சாம்பல் நூல் சுற்றியதுபோல் தெரிந்தால் அதுதான். தண்ணீரில் கரையும் லூப்ரிகண்ட் ஜெல்லைத் தாராளமாகத் தடவி, சில நிமிடம் ஊறவிட்டு, நுனியை நோக்கி உருட்டி உருட்டி நகர்த்துங்கள். இழுக்கக் கூடாது. கத்தரிக்கோல் கூடவே கூடாது. வீங்கியோ கருஞ்சிவப்பாகவோ இருந்தால், அல்லது உள்ளே திரும்பப் போகாவிட்டால், கையை எடுத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

மிளகுக்கு வளையம் கழன்ற கொஞ்ச நேரத்தில் டைலில் ஒரு குளமே இருந்தது. இப்போது மாதம் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

படி 5: எப்போது ஓட வேண்டும்

வளையம் இல்லை, ஆனாலும் முக்குகிறான் என்றால் கல்லாக இருக்கலாம். சின்சில்லாவுக்கு வருவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் கல், அதுவும் ஆண்களுக்கே அதிகம். எக்ஸ்ரேயில் நன்றாகத் தெரியும். உணவை மாற்றிக் கரைக்க முடியாது, பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். முக்கியும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முயல், கினியா பன்றி பார்த்துப் பழகிய டாக்டராகத் தேடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிஸிலின் என்கிற ஆன்டிபயாடிக் மருந்தை வாயில் ஊற்றிவிடாதீர்கள், குடலில் உள்ள நல்ல பாக்டீரியா அழிந்து உயிருக்கே ஆபத்து.

அப்புறம் தீவனம். வளர்ந்த சின்சில்லாவுக்குத் தினமும் டிம்பதி (timothy) என்கிற உலர்ந்த தீவனப் புல். குதிரை மசால் என்கிற அல்ஃபால்ஃபாவில் கால்சியம் அதிகம், நான் நிறுத்திவிட்டேன்.

பின்சேர்க்கை 1: "எங்களுடையது பெண் என்று வாங்கினோம், ஆனால் குறி இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். பெண்ணுக்கும் சிறுநீர்த் துவாரம் கூம்பாக நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் ஆசனவாய்க்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் ஆண், ஒட்டியிருந்தால் பெண். கூம்பைப் பின்னால் தள்ளிப் பார்க்காதீர்கள். பெண்ணிடம் ரத்தம் கண்டால் கருப்பையிலிருந்தும் வந்திருக்கலாம்.

பின்சேர்க்கை 2: சிறுநீர் குறைந்துவிட்டது என்று இன்னொருவர் பயந்து எழுதினார். கடைசியில் தண்ணீர்ப் புட்டியின் உருண்டை சிக்கியிருந்ததாம். தினமும் விரலால் ஒருமுறை தட்டிப் பாருங்கள், சொட்ட வேண்டும்.