இருமலுக்கு ஒரு நோட்டு

முதலில் கடைக்குப் போய் 192 பக்கமுள்ள, கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். மெல்லிய நோட்டு வேண்டாம். காசநோய்க்கு மருந்து ஆறு மாதம். நாளுக்கு அரைப் பக்கம் என்றாலும் மெல்லிய நோட்டு பாதியில் தீர்ந்துவிடும். அட்டையில் நோயாளியின் பெயரையோ நோயின் பெயரையோ எழுதாதீர்கள். நான் "பால் கணக்கு" என்று எழுதினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் பால் கணக்கைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

நான் கிளை நூலகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எதையும் பதிவேட்டில் ஏற்றாவிட்டால் கை அரிக்கும். அந்தக் கெட்ட பழக்கம் ஒரே ஒரு முறை உருப்படியாகப் பயன்பட்டது, 2019இல், என் தம்பிக்காக. அவன் குடியாத்தத்தில் கைலி நெய்கிறவன். அந்த ஆண்டு பொங்கலுக்கே இருமிக்கொண்டிருந்தான். "தறித் தூசி" என்றான். எங்கள் தெருவில் எல்லா இருமலுக்கும் தறித் தூசிதான் காரணம். ஒரு தனியார் மருத்துவரும் அதையே சொல்லி மூன்று பாட்டில் இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார். மார்ச் வந்தும் இருமல் நிற்கவில்லை. சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே நோட்டு வாங்குவதற்கும் முன்னால் உங்களுக்கு ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்: இரண்டு வாரம். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், காரணம் என்ன என்று யார் சொன்னாலும் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். மாலையில் காய்ச்சல், இரவில் வேர்வை, பசியின்மை, எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

சளி கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. என் தம்பி முதல் நாள் டப்பியில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். அது ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்க வேண்டும். வெட்டவெளியில், பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு, அடி நெஞ்சிலிருந்து இரும வேண்டும். வருவது கெட்டியாக இருக்க வேண்டும். மறுநாள் மொட்டை மாடியில் அவன் இருமும்போது நான் படிக்கட்டில் நின்றுகொண்டு, "இது எச்சில், இன்னும் ஆழத்திலிருந்து" என்று பள்ளிக்கூட வாத்தியார் போலக் கத்திக்கொண்டிருந்தேன். இப்போது பல இடங்களில் சளியை மரபணுக் கருவியில் போட்டுப் பார்க்கிறார்கள். சில மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்பது தெரியும், ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதும் தெரியும்.

மார்ச் 22 அன்று மாத்திரை தொடங்கியது. அன்றே நோட்டும் தொடங்கியது.

ஒரு பக்கத்தில் ஆறு கட்டம் போடுங்கள்: தேதி, மாத்திரை, இருமல், காய்ச்சல், சாப்பாடு, மற்றவை. கட்டம் போடுவது எளிது. அதில் என்ன எழுதுவது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். "இன்று பரவாயில்லை" என்று எழுதாதீர்கள், அதை வைத்து மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாது. என் நோட்டில் ஏப்ரல் 2ஆம் தேதி இப்படி இருக்கிறது: "மாடிப்படி பன்னிரண்டு. ஏழாவது படியில் நின்றான். இரவு இருமல் நான்கு முறை. இட்லி இரண்டு, சட்னி தொடவில்லை." ஏப்ரல் 20: "படி பன்னிரண்டும் ஏறினான். மேலே போய் நின்றான்." இந்த இரண்டு வரியையும் படித்துக் காட்டியபோது மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு நம்மோடு பேச மூன்று நிமிடம்தான் கிடைக்கும். நீங்கள் போய் "டாக்டர், அது வந்து..." என்று இழுத்தால் இரண்டு நிமிடம் போய்விடும். முந்தின இரவே நோட்டைப் பார்த்து, கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைக் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே தராசில், ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். எங்களுக்கு நூல் மண்டித் தராசு வசதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, செருப்பு இல்லாமல். தொடங்கும்போது 46 கிலோ. இந்த நோய்க்கு எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது. 35 முதல் 49 கிலோ வரை நாளுக்கு மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. அதனால் "மற்றவை" கட்டத்தில் எடையை எழுத மறக்காதீர்கள். எடை ஏறுவதுதான் மருந்து வேலை செய்கிறது என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் சாட்சியும்கூட.

மாத்திரைக் கட்டத்தில் நீங்கள் டிக் போடாதீர்கள். விழுங்கியவரே போடட்டும். ஆனால் வாரம் ஒருமுறை அட்டையை எண்ணிப் பாருங்கள். சந்தேகப்படுவது போல இருக்குமே என்று தயங்க வேண்டாம், நூலகத்தில் ஆண்டுதோறும் புத்தக இருப்பு எண்ணுவோம், யாரையும் திருடன் என்று சொல்வதற்காக அல்ல. மே மாதம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த வாரம் எண்ணியபோது ஆறு மாத்திரை மிச்சம் இருந்தது. அதாவது இரண்டு நாள். கட்டத்திலோ டிக் ஒழுங்காக இருந்தது. வைகாசி ஒன்றாம் தேதி ஊரே கூடியிருக்க, இவனும் கூட்டாளிகளோடு குடித்திருக்கிறான். குடித்த வயிற்றில் மாத்திரை போட்டால் ஆபத்து என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தியிருக்கிறான். குடியும் இந்த மாத்திரைகளும் சேர்ந்தால் கல்லீரல் கெடும் என்பது உண்மைதான். அதற்காக விட வேண்டியது குடியை. நான் திட்டவில்லை. திட்டியிருந்தால் அடுத்த முறை மாத்திரையைச் சாக்கடையில் போட்டிருப்பான், எண்ணிக்கையும் சரியாக வந்திருக்கும். "15, 16 இல்லை" என்று நோட்டில் எழுதிவிட்டு மறுநாள் அவனையே சுகாதாரப் பணியாளரிடம் சொல்லச் சொன்னேன். விட்டுப்போன நாளுக்காக மறுநாள் இரட்டிப்பாக விழுங்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். விட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்துக் கொடுப்பார்கள்.

பக்க விளைவுகளைப் பற்றி முன்னதாகவே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. முதல் நாளே சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து இரத்தம் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் முழுக்க மூலையில் உட்கார்ந்திருந்தான். அது ரிஃபாம்பிசினின் நிறம். பயப்பட ஒன்றுமில்லை. காலில் மரத்துப்போனால் சொல்ல வேண்டும், அதற்கு வைட்டமின் பி6 கொடுப்பார்கள். மூட்டு வலி வந்தாலும் சொல்ல வேண்டும். கண் மஞ்சளித்தாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எத்தாம்பியூட்டால் என்ற மருந்து சிலருக்குப் பார்வையைத் தொடும். சிவப்பும் பச்சையும் குழம்பும். நெசவாளிக்கு இது வயிற்றில் அடிக்கிற விஷயம். ஞாயிற்றுக்கிழமை எடை பார்த்த கையோடு, சிவப்பு நூல்கண்டு ஒன்றும் பச்சை நூல்கண்டு ஒன்றும் எடுத்துக் கொஞ்சம் தள்ளி நின்று ஒவ்வொரு கண்ணையும் மூடச் சொல்லிக் கேட்பேன். "கிளிப்பச்சை, அக்கா, சும்மா பச்சை இல்லை" என்று ஒரு நாள் திருத்தினான். அதையும் எழுதி வைத்தேன். நீங்கள் நூல்கண்டுக்குப் பதில் தக்காளியும் பச்சை மிளகாயும் வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்கு அரசு அப்போது மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டது. 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய். கணக்கு எண் பதிவாகியிருக்கிறதா என்று முதல் வாரமே கேளுங்கள், பிறகு அலைய வேண்டியிருக்கும். 1800 11 6666 என்ற இலவச எண்ணிலும் இதைப் பற்றிக் கேட்கலாம். நாங்கள் முட்டை, பருப்பு, வேர்க்கடலை என்று எளிதாக வைத்துக்கொண்டோம். சத்து மாவு டப்பா விற்கிறவர்கள் இந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்கு வருவார்கள், வாசலோடு அனுப்பிவிடுங்கள். சாப்பாடு வெறும் ஆறுதல் அல்ல. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், நோயாளியின் வீட்டாருக்குக் கூடுதல் உணவு கொடுத்ததால் அவர்களுக்கு நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. தம்பிக்கு முட்டை கொடுக்கும்போது அவன் மனைவி தனக்கு வைத்துக்கொள்ள மாட்டாள். அவளுக்கும் ஒன்று என்று நோட்டில் தனிக் கட்டம் போட்டேன்.

வீட்டில் உள்ள மற்றவர்களையும் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். அவர்களுக்கு நோய் இல்லை என்று உறுதியானபின் தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள். வாரம் ஒருமுறை என்று 12 வாரத்தில் முடியும் முறையும் இப்போது இருக்கிறது.

தட்டு, டம்ளர் விஷயத்துக்கு வருகிறேன். எல்லா வீட்டிலும் முதலில் பிரிவது அதுதான். காசநோய் காற்றில் பரவும். தட்டிலும் துணியிலும் தொடுவதிலும் பரவாது. முதல் சில வாரம் முகக்கவசம், திறந்த சன்னல், மூடி போட்ட டப்பியில் சளி, இவை போதும். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். இதைத் தம்பி மனைவியிடம் இரண்டு முறை சொன்னேன், தலையாட்டினாள், தட்டு தனியாகவே இருந்தது. மூன்றாம் முறை ஒன்றும் சொல்லாமல் அவன் டம்ளரை எடுத்துக் காபி ஊற்றிக் குடித்தேன். அடுத்த வாரம் தட்டு அலமாரியில் மற்ற தட்டுகளோடு இருந்தது.

அவள் பிறந்த வீட்டார், தொலைவில் ஏதாவது பெரிய மருத்துவமனையில் சேர்த்து அங்கேயே விட்டுவிடுங்கள் என்றார்கள். அவர்களுக்கு நான் சேத்துப்பட்டுக் கதையைச் சொன்னேன். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை மருத்துவமனையில் வைத்தும், மற்றவர்களை நெரிசலான அவர்கள் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள், அவர்கள் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுவதும் காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்ற தைரியம் வந்தது நம் ஊர் ஒண்டுக்குடித்தனங்களிலிருந்துதான். மாமனார் இதைக் கேட்டுவிட்டு, "அப்படியா, சேத்துப்பட்டிலா" என்று மட்டும் கேட்டார். சேத்துப்பட்டில் அவருக்குச் சொந்தக்காரர்கள் இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் முதல் வாரம் மருந்து முடிந்தது. எடை 53 கிலோ. சளியில் கிருமி இல்லை.

இதற்குப் பிறகுதான் நான் பெரிய தவறு செய்தேன். வாசகர் வட்டத்தின் கையெழுத்து இதழுக்கு, தெருவுக்குப் பயன்படட்டும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பெயர் போடவில்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் இரண்டு தறி, நெய்கிறவரின் கிளிப்பச்சைக் கைலி என்றெல்லாம் வர்ணித்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே பெருமை. அப்போது தம்பி மகளுக்கு ஓர் இடம் பார்த்துப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டார் காரணம் எதுவும் சொல்லாமல் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தம்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தான். "அக்கா, நீ என் பெயரை எழுதவில்லை. என் தறியை எழுதிவிட்டாய்" என்றான்.

ஆகவே, நோயைப் பற்றி நாலு பேருக்குச் சொல்ல எழுதுகிறவர்களுக்கு: பெயரை மறைத்தால் போதாது. தொழில், தெரு, வயது, வீட்டின் அடையாளம் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தாலே சிற்றூரில் ஆள் தெரிந்துவிடும். எழுதியதை முதலில் அவரிடம் படித்துக் காட்டுங்கள். காட்டுவது என்றால் நீட்டிவிட்டுப் போவதல்ல, உட்கார்ந்து வரிவரியாக வாசிப்பது. "வேண்டாம்" என்று அவர் சொல்லும் வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அடித்துவிடுங்கள். அவர் முழுவதும் வேண்டாம் என்றால் உங்கள் அனுபவத்தை மட்டும் எழுதுங்கள். நீங்கள் பயந்தது, நீங்கள் தெரிந்துகொண்டது, நீங்கள் தட்டைப் பிரிக்க நினைத்த நொடி. அது உங்களுடைய சொத்து. இதை எழுதவும் அவனிடம் கேட்டேன். மகளுக்குக் கல்யாணமாகி ஆண்டுகள் ஆகிவிட்டன. கேட்டுவிட்டு, இந்த முறை தறியை எழுதிக்கொள் என்றான், சிரசையும் எழுது என்றான். குடித்ததை விட்டுவிடலாமே என்று நான்தான் சொன்னேன். "அது இல்லாவிட்டால் இன்னொருத்தன் நம்ப மாட்டான்" என்றான்.

போன மாதம் எதிர் வரிசையிலிருந்து ஒரு பெண் வந்தாள். வீட்டுக்காரருக்கு மூன்று வாரமாக இருமல், உங்களிடம் ஏதோ நோட்டு இருந்ததாமே என்றாள். பால் கணக்கைத் தேடி எடுத்தேன். எழுதிய பக்கங்களைத் தைத்த நூலை அறுத்துத் தனியாகப் பிரித்து, தம்பியிடம் கொடுக்க எடுத்து வைத்தேன். எழுதாத பக்கங்கள் நாற்பதுக்குக் கிட்ட மீதி இருந்தன. அவற்றை மறுபடி ஊசி கோத்துத் தைத்து, முதல் பக்கத்தில் ஆறு கட்டம் போட்டுக் கொடுத்தேன். "இது இருக்கட்டும், நாளைக் காலையில் முதலில் சளி" என்றேன்.