மட்டியிலும் சேற்றிலும் கன உலோகம்: மாதிரி எடுப்பது முதல் கணக்கு வரை

எண்ணூர் கழிமுகம் போல நிலக்கரிச் சாம்பல் படிந்த இடத்தில் மட்டியில் காரீயமும் காட்மியமும் எவ்வளவு என்று பார்க்கப் போகிறீர்களா? தப்பு பெரும்பாலும் கருவியில் நடப்பதில்லை. மாதிரி எடுக்கும் கையிலும் கடைசிக் கணக்கிலும்தான்.

பிளாஸ்டிக் டப்பா, கரண்டி எல்லாவற்றையும் முந்தின இரவே 10% நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் அலசிவிடுங்கள். ஓர் இடத்துக்கு 30 மட்டி எடுங்கள். ஓட்டின் நீளம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். சிறிசும் பெரிசும் கலந்தால், தெரிவது இடத்தின் வித்தியாசமா வயதின் வித்தியாசமா என்று பிரிக்க முடியாது. வாயைத் திறந்தபடி இருந்து, தட்டியும் மூடாத மட்டி செத்தது, தூக்கிப் போடுங்கள்.

சேற்றை அதே இடத்தில், அதே நேரத்தில் எடுக்க வேண்டும். மேலே மெல்லிய பழுப்பு அடுக்கு, கீழே அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கருப்புச் சேறு. மேல் 2 சென்டிமீட்டர் போதும். கருப்பு அடுக்கில் சல்பைடோடு பிணைந்த உலோகம் மட்டிக்கு எளிதில் கிடைக்காது. அதையும் சேர்த்து அள்ளினால் சேற்றின் எண் மட்டும் வீங்கும். 63 மைக்ரான் நைலான் சல்லடையில் சலியுங்கள். மணல் கூடிய மாதிரி பொய்யாகச் சுத்தமாகத் தெரியும்.

மட்டியின் குடலிலும் சேறு இருக்கும். சதையில் சேர்ந்தது எவ்வளவு என்பது கேள்வியானால், அதே உப்புத்தன்மையுள்ள சுத்தமான கடல்நீரில் 24 முதல் 48 மணி நேரம் விட்டு, கழிவை அவ்வப்போது உறிஞ்சி எடுங்கள். இல்லாவிட்டால் மட்டி அதையே திரும்ப உள்ளே இழுக்கும். சாப்பிடுகிறவருக்கு என்ன போகிறது என்பது கேள்வியானால், சந்தையில் விற்கிறபடியே எடுங்கள். எது செய்தாலும் அறிக்கையில் எழுதுங்கள்.

சதையைப் பீங்கான் கத்தியால் பிரியுங்கள். எவர்சில்வர் கத்தி குரோமியத்தையும் நிக்கலையும் விட்டுவிட்டுப் போகும். நீரை வடித்து ஈர எடையைக் குறித்த பிறகே 60 டிகிரியில், எடை நிலைக்கும் வரை உலர்த்துங்கள். பாதரசத்துக்கு ஈர மாதிரியைத் தனியாக ஒதுக்குங்கள், சூட்டில் ஆவியாகலாம்.

அரை கிராம் பொடிக்கு 65% நைட்ரிக் அமிலம் 7 மில்லி, 30% ஹைட்ரஜன் பெராக்சைடு 1 மில்லி. புகைபோக்கிக் கூண்டில் நுரை அடங்கும் வரை திறந்து வைத்து, பிறகு மூடி மைக்ரோவேவ் செரிப்பானில் (மாதிரியை அமிலத்தில் சூடாக்கிக் கரைக்கும் கருவி) வையுங்கள். சேறு இதில் முழுக்கக் கரையாது. ஹைட்ரோபுளோரிக் அமிலம் கரைக்கும், ஆனால் பயிற்சி இல்லாதவர் அதன் பக்கமே போகக் கூடாது. ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்தால் ‘மொத்த அளவு’ என்று எழுதாதீர்கள், அதிலும் சேறு முழுக்கக் கரையாது. ஒவ்வொரு தொகுதியிலும் வெற்று மாதிரி (சதை இல்லாமல் அமிலம் மட்டும்), இரட்டை மாதிரி (ஒரே மாதிரி இரண்டு முறை), உலோக அளவு முன்பே தெரிந்த, சான்றளிக்கப்பட்ட சிப்பிச் சதைப் பொடி மூன்றும் இருக்க வேண்டும்.

இனி கணக்கு. உலர் எடையில் காட்மியம் கிலோவுக்கு 4 மில்லிகிராம், ஈரப்பதம் 80% என்றால், ஈர எடையில் 0.8. உணவு வரம்புகள் ஈர எடைக்கானவை: மட்டி போன்ற இருவோட்டு உயிரிகளுக்குக் காட்மிய வரம்பு, கிலோவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 1 மில்லிகிராம், கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதிகளில் 2 (கோடெக்ஸ் வரம்பு கடற்சிப்பிக்கும் விசிறிச் சிப்பிக்கும் பொருந்தாது). 4ஐ அப்படியே ஒப்பிட்டால் நல்ல மட்டியையும் நஞ்சு என்று எழுதிவிடுவீர்கள். சேற்றோடு ஒப்பிடும்போது இரண்டும் உலர் எடையிலேயே இருக்கட்டும்.

ஆர்செனிக்கின் மொத்த அளவை வைத்து யாரையும் பயமுறுத்த வேண்டாம். கடலுணவில் அதன் பெரும்பகுதி தீங்கு குறைந்த கரிம வடிவம். கனிம ஆர்செனிக்கைத் தனியே பிரித்து அளக்கச் சொல்லுங்கள்.