செட்டிநாட்டு வீட்டு ஹோட்டலில் விருந்தா? இந்தத் தவறுகள் வேண்டாம்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய நகரத்தார் வீடுகள் சில இன்று ஹோட்டல்களாகியிருக்கின்றன. அங்கே பெரிய விருந்துக்கு அழைப்பு வந்தால் கல்யாண மண்டபத்துக்குப் போகிற நினைப்பிலேயே பலர் கிளம்பிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

வருவதை முன்கூட்டியே சொல்லாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கவுனி அரிசியை முதல் நாளே ஊறப்போட வேண்டும். வெள்ளைப் பணியாரத்தை ஒவ்வொன்றாகத்தான் எண்ணெயில் ஊற்றி எடுக்க முடியும். சொல்லாமல் இன்னும் நாலு பேரை அழைத்துப்போனால் அடுப்படியில் நிற்பவர்கள் பாடு திண்டாட்டம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் அதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது.

பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. மேப்பை நம்பிப் போனால் கொல்லைக் கதவில் நிற்க நேரிடும். முகப்பு எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

உடைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பட்டு வேட்டி, பட்டுச் சேலை எந்தச் சபைக்கும் பொருந்தும். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில் இலை போட்டால் மேலே திறந்த வானம், ஏசி கிடையாது. கோட் சூட்டில் வேர்த்துக் கொட்டும். ஆனால் ஊசி ஹீல்ஸ் கூடவே கூடாது. தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடி மேல் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. கீறல் விழுந்தால் விழுந்ததுதான். மழை பெய்திருந்தால் வளவு ஓரம் வழுக்கும், வயதானவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போங்கள்.

சுவரில் சாய்வதும் அப்படித்தான். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு அது, தொட்டால் பளிங்கு மாதிரி குளுகுளுவென்று இருக்கும். தொட்டுப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும், எனக்கும்தான். ஆனால் எண்ணெய்க் கை பட்டால் கறை போகாது. பளிங்குத் தரையில் ரசமோ எலுமிச்சைச் சாறோ சிந்தினால் உடனே பரிமாறுபவரிடம் சொல்லுங்கள், புளிப்பு பளிங்கின் மெருகைத் தின்றுவிடும். மறைத்து வைப்பதில் யாருக்கும் லாபமில்லை.

வளவைச் சுற்றிப் பூட்டிய அறைகள் இருக்கும். ஹோட்டலாக மாறிய பிறகும் சாமி அறையையும் ஒன்றிரண்டு அறைகளையும் குடும்பத்தார் தங்களுக்கென்று வைத்திருப்பதுண்டு. செல்ஃபிக்காக அந்தக் கதவுகளைத் தள்ளிப் பார்ப்பது ரொம்பத் தப்பு.

அப்புறம் பந்தி. ஸ்டார்ட்டர் சுற்றி வரும்போதே வயிற்றை நிரப்பிக்கொண்டு, இலையில் கோழி வறுவலும் நண்டும் வரும்போது "போதும், போதும்" என்று கை மறிப்பதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். பக்கத்தில் உள்ள பெரியவர்கள் இலையில் கை வைக்கும் முன் ஆரம்பிக்க வேண்டாம். முடிந்ததும் இலையை நம் பக்கமாக மடிக்க வேண்டும்.

விருந்து தந்தவரிடம் சொல்லிக்கொள்ளாமல் நழுவிவிடாதீர்கள். சமைத்த ஆச்சிகள் பெரும்பாலும் பின்கட்டில் இருப்பார்கள். விருந்து தந்தவரிடம் கேட்டுக்கொண்டு அங்கேயும் எட்டிப் பார்த்து, எந்தப் பதார்த்தம் பிடித்தது என்று பேர் சொல்லிச் சொல்லுங்கள்.