புதன்கிழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஆக்டிங் டிரைவர்களுக்கான நாட்டுக்கோழி வளர்ப்பு, படிப்படியாக

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் முழுநேர லாரி வேலையை விட்டுவிட்டு, வண்டிக்கு ஆள் குறையும்போது மட்டும் ஆக்டிங் டிரைவராகச் சென்று வருபவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். மீதி நாள்களில் காட்டிலும் வீட்டிலும் இருப்பதால், நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது. ஆனால் கோழி வளர்ப்பைப் பற்றி எழுதப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை, தினமும் காலையிலும் மாலையிலும் வீட்டில் இருப்பவரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. வாரத்தில் சில இரவுகளை வண்டியில் கழிப்பவருக்கு அந்த முறை ஒத்துவராது என்பதால், எனக்கு ஒத்துவந்த முறையை இங்கே எழுதுகிறேன். முப்பது, நாற்பது கோழி என்ற அளவுக்குத்தான் இது பொருந்தும். கொட்டகை போடுவது, ஹெவி லைசென்ஸ் எடுப்பது போன்றவை உங்களுக்குத் தெரிந்தவை என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்த நடைக்குப் போவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கோழி வளர்ப்பவர் வடநாட்டு லைனுக்குப் போகக் கூடாது. கொல்கத்தா, குவாஹாட்டி என்று கிளம்பினால், போன இடத்தில் திரும்புலோடு கிடைக்கும் வரை நாள் கணக்கில் நிற்க வேண்டும். எப்போது வீடு திரும்புவோம் என்பது நம் கையில் இராது. இரவு கிளம்பி, மறுநாள் இறக்கிவிட்டு, அதற்கடுத்த காலைக்குள் வீடு சேரக்கூடிய நடைகளே நமக்கு ஏற்றவை. எங்கள் பக்கத்தில், வாளையாறு வழியாகக் கேரளத்துக்குப் போகும் முட்டை லோடும், தொப்பூர், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் போகும் லோடும் அப்படிப்பட்டவை. படிக்காசு (நடைக்குக் கிடைக்கும் பேட்டா) குறைவுதான். ஆனால் திரும்பும் நேரம் ஓரளவு உறுதி என்பதால், நான் இவற்றையே கேட்டு வாங்குகிறேன்.

தூக்கத்தைப் பற்றி ஒரு சொல். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வரும் வரை இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று பொதுவான வரம்பை வைத்திருந்தது. ஆக்டிங் டிரைவர் பகலெல்லாம் கொட்டகையைக் கூட்டிவிட்டு வந்தாரா, படுத்துத் தூங்கிவிட்டு வந்தாரா என்று எந்த ஓனரும் கேட்பதில்லை. அந்தக் கணக்கை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். இரவு வண்டி எடுக்கும் நாளில், மதியத்துக்கு மேல் கோழி வேலை எதையும் நான் தொடுவதில்லை. படுக்கும் அறையையும் சேவல் அடையும் இடத்துக்கு எதிர்ப்பக்கமாக மாற்றிக்கொண்டேன்.

படி 2: ஒரு கிழமையைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் அதில் கட்டுங்கள்

இந்த முறைக்கு அடிப்படையே இதுதான். அடை வைத்த 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். அதற்குப் பிறகு குஞ்சுக்கு 7ஆம் நாள் ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல்) சொட்டு மருந்து, 14ஆம் நாள் கம்போரோ என்ற குஞ்சு நோய்க்கான சொட்டு மருந்து, 28ஆம் நாள் லசோட்டா (மறுபடியும் ராணிக்கெட்டுக்கான மருந்து), ஆறாவது வாரம் அம்மைத் தடுப்பூசி, ஏழாவது வாரம் குடற்புழு நீக்க மருந்து, எட்டாவது வாரம் தோலுக்கடியில் போடும் ராணிக்கெட் ஊசி என்று வரிசையாக வருகின்றன. எல்லாமே ஏழின் மடங்கு என்பதைக் கவனியுங்கள். புதன்கிழமை அடை வைத்தால் பொரிப்பதும் புதன், ஒவ்வொரு மருந்தும் புதன். நாம் வீட்டில் கட்டாயமாக இருக்க வேண்டிய நாள்கள் இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடுகின்றன. உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் இந்த அட்டவணையைச் சற்று மாற்றிச் சொன்னால், அவர் சொல்வதையே பின்பற்றுங்கள். அவர் தள்ளச் சொன்னாலும் பெரும்பாலும் வாரக் கணக்கில்தான் தள்ளச் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. நிரந்தர டிரைவர்கள் வீட்டில் இருக்க விரும்பும் நாள் அது. ஆகவே நமக்கு அழைப்பு அதிகமாக வருவதும் சனி, ஞாயிற்றில்தான். கால்நடை மருந்துக் கடைகள் பலவும் அன்று அடைத்திருக்கும். வார நடுவில் இருக்கும் புதனே நல்லது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று பெரியவர்கள் சொல்வதும் சேர்ந்துகொள்வதால், வீட்டில் மறுபேச்சு இல்லாமல் ஒப்புக்கொண்டார்கள்.

கோழி நம் கிழமை பார்த்து அடைக்கு உட்காராது. திங்களன்று ஒன்றும் வெள்ளியன்று ஒன்றும் உட்கார்ந்தால், கூமுட்டை ஒன்றிரண்டை மட்டும் அடியில் வைத்து, புதன் வரை அப்படியே உட்கார வையுங்கள். புதன் மாலை அவற்றை எடுத்துவிட்டு, சேர்த்து வைத்த நல்ல முட்டைகளை எல்லாக் கோழிகளுக்கும் ஒரே நேரத்தில் வையுங்கள். சிறுவிடைக் கோழி (சிறிய உடல்வாகு கொண்ட நாட்டு வகை) பத்து, பன்னிரண்டு முட்டைகளைத் தாங்கும். அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் நான்கு நாள் முட்டையே அதிகம். கூர்முனை கீழே இருக்கும்படி, குளிர்ந்த மணல் மேல் வைத்துச் சேமிக்க வேண்டும். அடுத்த புதன் இரவு, கைப்பேசி விளக்கை முட்டையின் அடியில் பிடித்துப் பாருங்கள். சிவந்த நரம்பு வலை தெரிந்தால் கரு கூடியிருக்கிறது என்று பொருள். தெளிவாகவே இருப்பதை எடுத்துவிடலாம். 18ஆம் நாளுக்குப் பிறகு அடைக்கோழியைத் தொந்தரவு செய்ய வேண்டாம். பொரிக்கும் புதனோடு அடுத்த வியாழனையும் சேர்த்து விடுப்புச் சொல்லிவிடுங்கள், ஏனெனில் சில முட்டைகள் ஒரு நாள் பிந்தும்.

இன்குபேட்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்றுதான் சொல்வேன். மின்சாரம் போனால் ஓடிவர நாம் ஊரில் இருப்பதில்லை. அதில் பொரித்த குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரிச் சூடு கொடுத்து, வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கும் வேலையும் தனியாகச் சேரும். எல்இடி விளக்கில் சூடு இல்லை. பழைய குண்டு பல்போ கடைகளில் அருகிவிட்டது. தாய்க்கோழி இவை அனைத்தையும் கூலியின்றிச் செய்கிறது.

படி 3: தடுப்பு மருந்தைச் சூடு படாமல் வீடு கொண்டு சேர்த்தல்

நம்மைப் போன்றவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய், மருந்து கொடுக்காத மந்தைக்குள் புகுந்தால் சில நாள்களில் கொட்டகையைக் காலி செய்துவிடும். பனி விலகி வெயில் ஏறும் மாசி, பங்குனியில் இதன் வேகம் அதிகம். மருந்து கொடுத்தும் கோழி செத்துவிட்டது என்று சொல்பவர்களிடம் விசாரித்தால், அந்த மருந்து பெரும்பாலும் லாரிக் கேபினில் பயணம் செய்திருக்கும்.

சொட்டு மருந்துக் குப்பியில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட நுண்கிருமி. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கும் வரைதான் அதற்கு உயிர். நடை முடிந்து வரும் வழியில் டவுனில் வாங்கி, டேஷ்போர்டு மேலோ, எஞ்சின் பானெட்டுக்குப் பக்கத்திலோ வைத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு வண்டியை ஷெட்டில் விடுவதற்குள், அது வெறும் தண்ணீராகிவிடும். பார்வைக்கு வேறுபாடு எதுவும் தெரியாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. ஆகவே லாரியில் வரும்போது வாங்கவே வேண்டாம். செவ்வாய் மாலை இருசக்கர வண்டியில் போய், வாயகன்ற தெர்மாஸ் பிளாஸ்க்கில் பனிக்கட்டி போட்டு, குப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே வைத்துக் கொண்டு வாருங்கள். வீட்டில் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். திறந்து திறந்து மூடும் கதவுத் தட்டு ஆகாது. கடைக்காரர் குப்பியை மேசை மேல் கிடந்த பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

அடுத்த சிக்கல் அளவு. நம்மிடம் இருப்பது இருபது, முப்பது குஞ்சு. குப்பியிலோ நூறு குஞ்சுக்கும் அதற்கு மேலும் போதுமான மருந்து இருக்கும். கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மீதியை மறுநாளுக்கு எடுத்து வைப்பதில் பயனில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்களையும் புதன்கிழமையிலேயே அடை வைக்கச் சொன்னேன். இப்போது ஒரு குப்பியை மூன்று, நான்கு வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. வெயில் இறங்கியதும் ஒருவர் பிளாஸ்க்கோடு வீடு வீடாகப் போகிறார். நான் நடையில் மாட்டிக்கொண்டால், என் குஞ்சுகளுக்கும் அவரே கண்ணில் ஒரு சொட்டு விட்டுவிடுவார். அவர் கொட்டகைக்குக் கொட்டகை போகும்போது கால் கழுவி, கை கழுவிப் போக வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். சொட்டு கண்ணில் விழுந்த பின், குஞ்சு இமைத்து உள்ளே வாங்கும் வரை கையிலேயே வைத்திருந்து கீழே விட வேண்டும். சோர்ந்து நிற்கும் குஞ்சுக்கு அன்று மருந்து கொடுக்கக் கூடாது.

பெரிய கோழிகளுக்கு, கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் நடத்தும் இலவசத் தடுப்பூசி முகாமைத் தவற விடாதீர்கள். ஊருக்கு வரும் நாளை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு, அன்றைய நடையை ஒதுக்கி வைப்பது நல்லது.

படி 4: நீங்கள் இல்லாத நாளின் வேலையைச் சுருக்குங்கள்

வீட்டில் இருப்பவருக்குக் காலையில் கால் மணி, மாலையில் கால் மணிக்கு மேல் வேலை இருக்கக் கூடாது. காலையில் திறந்து தீனி போடுவது, மாலையில் முட்டை எடுத்துக் கதவைச் சாத்துவது, இவ்வளவுதான். கூட்டுவது, எரு அள்ளுவது, தீனி அரைப்பது எல்லாம் என் வேலை. முட்டைக் காசு அன்றாடம் பார்த்துக்கொள்பவரிடமே இருப்பதுதான் நியாயம். எங்கள் வீட்டில் அது என் மனைவியுடையது, கணக்கும் நான் கேட்பதில்லை.

தண்ணீருக்கு, கோழி அலகால் தட்டினால் சொட்டும் நிப்பிள் பைப்தான் சிறந்தது. வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் கால் லிட்டர் குடிக்கும். நாற்பது கோழிக்குப் பத்து லிட்டர் என்றால், நிழலில் உயர்த்தி வைத்த 50 லிட்டர் டிரம் நான்கைந்து நாள் வரும். கோடையில் அதில் பாதிதான் வரும் என்று கணக்கிடுங்கள். பழகும் வரை சில நாள் பக்கத்தில் கிண்ணத்திலும் தண்ணீர் வையுங்கள்.

*பின்சேர்க்கை:* நிப்பிள் அடைத்துக்கொள்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். போர்வெல் உப்புத் தண்ணீரால் வருவது அது. டிரம்மின் வாயில் துணி கட்டி ஊற்றுங்கள். புதன்கிழமை ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் தட்டி, சொட்டுகிறதா என்று பாருங்கள். நீங்கள் இரண்டு நாள் இல்லாதபோது அடைத்துக்கொண்டால், வீட்டில் இருப்பவர் கவனிப்பதற்குள் கோழி வாடிவிடும்.

படி 5: லாரியில் இருப்பது லாரியோடு இருக்கட்டும்

முட்டை லோடு ஏற்றப் பெரிய பண்ணைகளுக்குள் போய்வருபவருக்கு இது மிக முக்கியம். ஆலப்புழை, கோட்டயம் பக்கம் 2014, 2021, 2024 ஆண்டுகளில் பறவைக் காய்ச்சல் வந்தது. இப்படிப்பட்ட நேரங்களில் எல்லைச் சோதனைச் சாவடிகளில் டயருக்கு மருந்து அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். டயருக்கு அடிப்பார்கள்; நம் செருப்புக்கு யாரும் அடிப்பதில்லை. வண்டிக்கென்று ஒரு செருப்பு, கொட்டகைக்கென்று ஒரு செருப்பு என்று பிரித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்து, உடை மாற்றிய பிறகே கோழிப் பக்கம் போக வேண்டும். மீதமாகும் அட்டை டிரேக்களை முட்டை அடுக்க உதவும் என்று வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். எந்தப் பண்ணையின் எச்சம் அதில் ஒட்டியிருக்கிறது என்று சொல்ல முடியாது.

மக்காச்சோள லோடு இறக்கியபின், பாடியில் சிந்திக் கிடப்பதைக் கூட்டி அள்ளி வருவது நம் தொழிலில் வழக்கம். தார்ப்பாய் ஒழுகி நனைந்த மூலைகளில் கிடந்தது அதில் கலந்திருந்தால், பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் நஞ்சு சேர்ந்திருக்கும்; கோழியின் ஈரலை அது கெடுக்கும், வறுத்தாலும் முழுவதும் போகாது. முந்தைய நடையில் அதே பாடியில் உரமோ பூச்சிமருந்தோ ஏற்றியிருக்கவும் கூடும். விலை கொடுத்து வாங்கிய கம்பும் நொய்யும் போதும்.

படி 6: விற்கும் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நாட்டுச்சேவல் விற்பனை எடைக்கு வர நான்கைந்து மாதம் ஆகும். புரட்டாசியில் கறி எடுப்பவர் குறைவு; தீபாவளிக்கு விலை ஏறும். தீபாவளிக்கு விற்க வைகாசியில் குஞ்சு பொரிக்க வேண்டும், அதாவது சித்திரை வெயிலில் அடை வைக்க வேண்டும். பொரிப்பு குறையும் என்பதால், அந்த முறை ஒரு கோழியைக் கூடுதலாக உட்கார வைப்பேன். மாரியம்மன் நோன்பு வரும் பங்குனிக்கு ஐப்பசிக் குஞ்சு சரியாக இருக்கும். மழை நாளாகையால் தரையில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

*பின்சேர்க்கை:* புதன் வர முடியாது என்று சொன்னால் அடுத்த முறை அழைக்க மாட்டார்களே என்று ஒருவர் கேட்டார். கடைசி நேரத்தில் மறுத்தால்தான் அழைக்க மாட்டார்கள். மாதத் தொடக்கத்திலேயே, வர முடியாத புதன்களை ஓனருக்கும் புக்கிங் ஆபீசுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பொரிப்போ மருந்தோ இல்லாத புதன்களில் வருவேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆயுத பூஜை, பொங்கல் நாள்களில் ஆள் கிடைக்காமல் தவிக்கும்போது ஒன்றிரண்டு நடை போய் உதவினால், மற்ற மாதங்களில் புதனைப் பற்றி அவர்களும் பேசுவதில்லை.